விரல் தெரியக் கூடாது

"இன்னும் கறுக்கணும்" என்றாள் பத்மா. கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் மங்கலாகத் தெரிந்தது. இன்னொரு பிடி புளூபெர்ரியைக் கொதிக்கவிட்டுத் திராட்சைச் சாற்றில் வடிகட்டினாள்.

"மை மாதிரி இருக்கு. இதை யாரு குடிப்பா?" என்றான் உமாபதி.

"உங்க ஆபீஸ்காரங்கதான். ஹாலோவீன்னா பின்னே எப்படி இருக்கணும்?"

"இந்த வருஷம் பார்ட்டிக்கே போக வேண்டாம்னு சொன்னேன். நீ நம்ம வீட்டுக்கே கூப்பிட்டு வெச்சிருக்கே."

"கூப்பிட்டாச்சு. நடத்தியே தீருவேன்."

டின் லிச்சிப் பழங்களின் குழியில் ஒவ்வொரு புளூபெர்ரியைச் செருகினாள். கண்கள் முறைத்தன.

சாயங்காலம் ஆபீஸ்காரர்கள் முகமூடிகளோடு, புறநகர் பியர்பொன்ட்ஸில் இருந்த அவர்கள் வீட்டுக்குக் கார்களில் வந்து இறங்கினார்கள். பத்மா கரண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. சமையலறையில் அவளே டம்ளர்களை நிரப்பி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். எல்லாம் ஒரே கறுப்பு. எல்லாவற்றிலும் ஒரு கண்.

"சான்டே!" என்று பிரெஞ்சில் சியர்ஸ் சொல்லி மேனேஜர் லெமியே உமாபதியின் டம்ளரில் தன் டம்ளரை இடித்தார். "ரம் பிரமாதம்! நல்லவேளை, நீயும் குடிக்கிறாய். இல்லையென்றால் விட்டிருக்க மாட்டோம்."

உமாபதி டம்ளரை உதட்டருகே கொண்டுபோனான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் உறிஞ்சினான்.

திராட்சை, எலுமிச்சை, கொஞ்சம் இஞ்சி. வேறு ஒன்றுமே இல்லை.

நிமிர்ந்தான். சமையலறை வாசலில் பத்மா ஒரு டம்ளரைத் தூக்கி, பின்னால் விரலை வைத்துக் காட்டினாள். விரல் தெரியவில்லை.

அவன் குடியை விட்டு அன்றோடு நாற்பத்தோரு நாள். நாற்பத்தெட்டு நாள் மண்டலம் முடிய இன்னும் ஒரு வாரம்தான்.