நல்ல நடுக்கம்

"சிஸ்டர்! குளிருது... எலும்பெல்லாம் குளிருது!"

டிரிப் ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கினார் மனுஷன்.

நர்ஸ் ஓடி வந்தாள். புற்றுநோய்க்குப் புது மருந்துச் சோதனை இது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களில் மருந்தை ஏற்றிக் கட்டிக்குள் அனுப்பி, அதை வளர்க்கிற மரபணுவின் வாயை அடைப்பது. ஆனால் பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு வெறும் துகள். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

வார்டுக்கு மட்டும் தெரியுமாம்! நடுங்கினால் நிஜ மருந்து, நடுங்காவிட்டால் வெறும் துகள் என்று அங்கே ஒரு பேச்சு.

"நல்லா நடுங்குதுல்ல சிஸ்டர்?" என்றார் அவர் மனைவி, முகமெல்லாம் பல்லாக.

"சந்தோஷப்படாதீங்கம்மா. அதிகமானா டிரிப்பை நிறுத்தணும். சோதனையிலேர்ந்தே எடுத்துடுவாங்க."

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது.

நர்ஸ் ஜுரம் பார்த்தாள். இல்லை. நாடி பார்த்தாள். ஒழுங்காக ஓடியது. மறுபடி பார்த்தாள். பொய்க் குளிர்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, நீங்க போய் வெந்நீர் வாங்கிட்டு வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. நடுக்கம் நின்றது.

"என்ன சார் விளையாட்டு இது? நான் டாக்டரைக் கூப்பிட்டிருந்தா உள்ளதும் போயிருக்கும்!"

"கோவிச்சுக்காதம்மா" என்றார் அவர், குரலே எழும்பாமல். "போன தடவை நான் நடுங்கலை. எனக்கு வெறும் துகள்தான்னு அவ முடிவு கட்டிட்டா. அன்னையிலேர்ந்து தூக்கமே இல்லை அவளுக்கு. எனக்கு எது ஏறினா என்ன, அவ கொஞ்சம் கண் மூடட்டும். சொல்லிடாதம்மா."

நர்ஸின் கோபம் போன இடம் தெரியவில்லை. "இனிமே பண்ணாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் அந்த அம்மாள், கையில் வெந்நீரோடு.

"டிரிப்பை நிறுத்திடலையே சிஸ்டர்?"

"இல்லம்மா. லேசான குளிர்தான், அடங்கிடுச்சு."

"நீங்க வேற சிஸ்டர்! நிஜமாக் குளிர் வந்தா அவருக்குப் பேச்சே வராது, பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சுருண்டு கிடப்பார்" என்றபடி அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் நம்பிட்டேன்னே இருக்கட்டும். என் மூஞ்சி மலர்ந்தாத்தான் மனுஷனுக்கு ரெண்டு வாய் சோறு இறங்குது."