இறங்காத ஒன்பது பேர்

ஒயின்ஷாப்புக்குப் போய்க் குடியை நிறுத்திய ஒரே மனிதர், ஈரேழு உலகத்திலும் எங்கள் வேலூர் பிச்சாண்டிதான். சிரிக்காதீர்கள்.

இப்போதைய ஆட்டோக்களுக்கு ஓட்டுநரும் இல்லை, காதும் இல்லை. ஏறியவர் நெஞ்சு எங்கே இழுக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். பிச்சாண்டி போக வேண்டியதோ ஆறு மணிக்கு நூலகத்தில் நடக்கும் குடி விட்டவர்கள் கூட்டத்துக்கு.

“கூட்டமாம் கூட்டம்! இன்னைக்கும் குடிச்சிட்டு வந்தீங்கன்னா நான் தங்கச்சி வீட்ல இருப்பேன்” என்று மனைவி கோமளா பெட்டியைக் கட்டிவிட்டாள்.

“நூலகம், நூலகம்” என்று ஆயிரத்தெட்டு முறை ஜெபித்தார் பிச்சாண்டி. ஆட்டோ ஒயின்ஷாப் வாசலில் போய் நின்றது. அவருடைய வியர்வையில் ஆட்டோவே மிதந்தது. இறங்கினால் தொலைந்தோம் என்று கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்து ஆட்டோவிலும் ஒருவர் இறங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஆட்டோவிலும் அப்படியே. இவரோடு சேர்த்து ஒன்பது பேர்.

“அண்ணே, நூலகத்துக்கா கெளம்புனீங்க?” என்றார் பிச்சாண்டி.

“ஆமாங்க. நாலு வாரமா இங்கதான் கொண்டாந்து விடுது” என்றார் பக்கத்து ஆட்டோவில் இருந்தவர், அழாத குறையாக.

“அப்ப யாரும் எறங்காதீங்க. கூட்டத்த இங்கயே ஆரம்பிச்சிடுவோம்!”

ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒருவரும் இறங்கவில்லை. முடிந்ததும் ஆட்டோ பிச்சாண்டியை நேராக வீட்டில் கொண்டுவந்து விட்டது.

“சொன்னா நம்ப மாட்டே, கோமளா…”

கோமளா பெட்டியிலிருந்த புடவைகளைத் திரும்ப பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நம்புறேன். நீங்க வர்ற வரைக்கும் பொறுக்காம தங்கச்சி வீட்டுக்குன்னுதான் ஏறினேன். ஒங்க ஒன்பது பேருக்குப் பின்னாடி பத்தாவதா என் ஆட்டோதான் நின்னுச்சு.”