கணக்குத் தாள் முடியும் வரை

லீபிங் இன்றைக்கும் சிவப்புச் சட்டைதான் போட்டிருந்தாள்.

தேர்வு மண்டபத்தின் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்பது ஐம்பது சீன அம்மாக்கள் நின்றார்கள். பாதிப் பேர் சிவப்பு. பிள்ளை பரீட்சை எழுதப் போனால் பெற்றவள் சிவப்பு உடுத்த வேண்டும், அதுதான் ராசி. சிங்கப்பூர் வெயிலுக்கு வெள்ளை போட்டால் தேவலை என்று யார் சொன்னாலும் கேட்கிற கூட்டமில்லை அது.

லீபிங்கின் புருஷன் செத்துப் பதினோரு நாள் ஆகிறது. முறைப்படி சிவப்பு அவள் உடம்பில் படவே கூடாது.

உள்ளே கணக்குத் தாள் எழுதிக்கொண்டிருக்கும் மகள் சின்யுவேக்கு அப்பா போனது தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்றுதான் இந்தச் சட்டை.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் இடம் கேட்டு எழுதும் தேர்வு இது. நேற்று ஆங்கிலம், இன்று கணக்கு. சின்யுவேக்கு மூன்றாவது தடவை. இதில் ஒரு கொடுமை உண்டு. வயதுக்குத் தகுந்த வகுப்புக்குத்தான் எழுத விடுவார்கள். ஒரு தடவை தோற்றால் வயது ஒன்று கூடும், கேள்வித்தாளும் ஒரு வகுப்பு மேலே ஏறிக்கொள்ளும். ஓடுகிற பஸ்ஸைத் துரத்துகிற பிழைப்பு.

இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. உயர்நிலை மூன்று. அதற்கு மேல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இதிலும் தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நான்கு வருஷமாக இந்த ஊரில் தாயும் மகளும் ஒரே அறையில் ஒரே கட்டிலில் படுக்கிறார்கள். அதற்காகத்தான் அந்த மனுஷன் சீனாவில், ஜியாங்ஷியில் இரவும் பகலும் லாரி ஓட்டினான். ஓட்டிய லாரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

கொழுந்தன் போனில் சொன்னபோது அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறேன் என்றுதான் லீபிங் கதறினாள். அவன் கறாராக மறுத்துவிட்டான். வரக் கூடாது அண்ணி, பிள்ளையிடம் மூச்சு விடக் கூடாது, கணக்குத் தாளும் முடியட்டும் என்றான்.

அவர்கள் ஊரில் இது புதிதல்ல. பரீட்சை நேரத்தில் வீட்டில் சாவே விழுந்தாலும் பிள்ளையின் காதில் போட மாட்டார்கள். ஆனால் கட்டியவளையே வராதே என்று சொல்ல அவனுக்கு எப்படி வாய் வந்தது? மனதுக்குள் அவனை அவள் திட்டாத திட்டில்லை.

புருஷன் எரிந்ததை அடுக்குமாடியின் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தாள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள்.

இன்றுவரை அழவில்லை. கண் வீங்கினால் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்பா மலைப்பக்கம் சரக்கு ஏற்றிப் போயிருக்கிறார், அங்கே சிக்னல் கிடைக்காது என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். சின்யுவே "ம்" என்றாள். அதோடு சரி. கஞ்சியை ஊற்றினால் குடித்தாள், புத்தகத்தை விரித்தாள், விளக்கை அணைத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பதினோரு நாளில் ஒரு நாளாவது அப்பா பேசினாரா என்று கேட்டாளா?

லீபிங்குக்கு அதுதான் ஆறவில்லை. இன்னும் நாலு பொய் சொல்லத் தயாராக நின்ற தனக்கு அவற்றைச் சொல்லக்கூட வேலை இல்லை. இப்படியும் ஒரு கல்நெஞ்சு பிள்ளைக்கு இருக்குமா என்று ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தாள்.

பக்கத்தில், சின்யுவேயோடு பரீட்சை எழுதும் டோங்டோங்கின் அம்மா நின்றாள். அவள் ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து நீட்டினாள். நேற்றைய சட்டையையே துவைத்துப் போட்டிருக்கிறாயே, அதிர்ஷ்டத்தை மாற்றக் கூடாது என்றா, இந்தத் தடவை உன் மகளுக்கு இடம் உறுதி, உன் வீட்டுக்காரரை விருந்து வைக்கச் சொல் என்று கிண்டல் செய்தாள்.

சொல்கிறேன் என்றாள் லீபிங். பழத்தை மகளுக்கென்று பையில் வைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது.

பிள்ளைகள் சாரிசாரியாக வந்தார்கள். சின்யுவே கடைசிக் கூட்டத்தில் வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, எல்லாக் கணக்கும் போட்டேன், ஒன்றில் மட்டும் சந்தேகம் என்றாள். முகம் வெளிறியிருந்தது.

காலையில் பஸ்ஸில் வரும்போது, அப்பா போனதைச் சொல்ல லீபிங் ஒரு வாக்கியத்தை இருபது தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது அதன் முதல் சொல்கூட வரவில்லை.

சின்யுவே அவள் முழங்கையைப் பிடித்து, கூட்டத்தை விட்டு ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"அப்பா போன அன்னைக்கு நீ எடுக்கலைன்னு சித்தப்பா முதல்ல எனக்குத்தாம்மா போன் பண்ணாரு. ஊருக்குப் போனா நீ மறுபடி இங்க வர மாட்டே, அப்பா உழைச்சதெல்லாம் வீணாப் போயிரும்னு எனக்குத் தெரியும். அம்மாவ வர வேணாம்னு சொல்லுங்க, எனக்குத் தெரியும்னும் சொல்லிராதீங்கன்னு நான்தான் அவர்கிட்ட கெஞ்சினேன்."

லீபிங் மகளையே பார்த்தாள். பதினோரு ராத்திரி ஒரே கட்டிலில், ஆளுக்கொரு பக்கம் விழித்துக் கிடந்திருக்கிறார்கள்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு. இப்ப அழும்மா."

சொன்னவள்தான் முதலில் அழுதாள்.