பூரி உப்பும்போது

ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஆல்வின், புதிதாய்ப் பிறந்த மகனுக்குக் குட்டி ஷூ தைத்துப் போட்டுவிட்டிருந்தான்.

ஞாயிறு காலை அவன் பூரி சுட்டான். மகள் ஜெனி கொட்டிய மாவு தரையெங்கும் கிடந்தது. அதில் தொட்டிலிலிருந்து அடுப்புவரை குட்டி ஷூவின் தடம்.

"இன்னா ஜெனி, தம்பி ஷூவ எடுத்து வெளையாடுனியா?" என்றாள் அம்மா கிறிஸ்டினா.

"நான் இல்லம்மா. பூரி உப்புறத பாக்க அவன்தான் வந்தான்."

ஆல்வினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தூங்கும் மகனின் ஷூவைக் கழற்றி அலமாரி மேல் வைத்தான். அடுத்த பூரி பந்துபோல் உப்பியது. திரும்பினான். மாவில் புதிதாக வெறுங்கால் தடங்கள், ஐந்தைந்து விரலோடு, அவன் பக்கத்தில் வந்து நின்றிருந்தன.

தொட்டிலில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளங்கால் இரண்டும் வெள்ளை.

"பல்லு மொளைக்கட்டும்டா," என்று சொல்லிக்கொண்டே ஆல்வின் சின்னதாய் ஒரு பூரி தேய்த்தான்.