நாற்பத்தொரு கிலோ பிடி

"கையை அங்கேயே விட்டுட்டு வந்துடாதேடி" என்று சொல்லித்தான் டொரீன் அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டாள். சிப்பி உடைக்கும் கொட்டகையில் அவளுக்குப் பக்கத்து இடத்துக்காரி.

இப்போது ஹுஹானாவின் இடது கை திரையில் இருந்தது. சதையில்லாமல், எலும்பாக. மோதிர விரலின் அடியில் புகை பிடித்தாற்போல் ஒரு கருமை.

"திரும்ப வந்திருக்கு" என்றார் டாக்டர் லாக்லன். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

பதினான்கு வருடங்களுக்கு முன் வேறொரு டாக்டர் அந்தக் கட்டியைச் சுரண்டியெடுத்து, குழியில் அவளது இடுப்பெலும்புத் துண்டுகளை வைத்து அடைத்திருந்தார். அது புற்று இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் கட்டி வளர்ந்தால் எலும்பு மெலியும். மெலிந்தால் ஒடியலாம்.

"சிப்பி உடைக்கிற வேலைக்கு இந்தக் கை தாங்காதுங்க. மறுபடி சுரண்டிடலாம். ரெண்டு மாசம் சும்மா இருக்கணும்."

வெள்ளிக்கிழமை பிளஃப் துறைமுகத்திலிருந்து சிப்பி அள்ளப் படகுகள் கிளம்புகின்றன. டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் கத்தியைத் தொடக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடங்களாக ஜன்னலோரத்தில் அவள் நின்ற இடம். இன்னொருத்தி வந்து நின்றுவிட்டால் பிறகு கிடைக்காது.

"எனக்கு வலிக்கவே இல்லையே தம்பி."

"வலிக்காது. பலம்தான் குறையும். அளந்தே காட்டுறேன்."

பிடியை அளக்கும் கருவியை மேசைமேல் வைத்தார்.

"முதல்ல ஆபரேஷன் பண்ணாத கை." சொல்லிக்கொண்டே கணினிப் பக்கம் திரும்பினார்.

அவளுடைய இரண்டு கைகளிலும் சிப்பி ஓடு கீறிய வெள்ளைத் தழும்புகள். அதில் டாக்டர் கத்தி போட்டது எது என்று அவளே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அழுத்தினாள்.

நாற்பத்தொரு கிலோ.

"அடேயப்பா, என்னை ஜெயிச்சுடுவீங்க போலிருக்கே" என்று கணினியில் தெரிந்த எண்ணைத் திரும்பாமலே பதிந்துகொண்டார். "இப்ப அந்தக் கை."

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. பலத்தில் ஏமாற்றவில்லை.

முப்பத்தாறு.

"பாத்தீங்களா?" அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "அஞ்சு கிலோ கம்மி. இந்தக் கையை நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

ஹுஹானா எழுந்தாள். இடது கையை விரித்துத் திரையின் பக்கத்தில் வைத்தாள்.

திரையிலும் வெளியிலும் மோதிர விரல் ஒரே மாதிரி, சுண்டுவிரல் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு, முப்பத்தாறு காட்டி ஓய்ந்து மேசைமேல் ஊன்றியிருந்த வலது கையைப் பார்த்தார்.

"மொதல்ல அழுத்தினது இந்தக் கைதான் தம்பி" என்றாள். "தாளை எடுங்க."