பெட்டிக்கழிவு

தராசின் எண்கள் துள்ளி ஓய்ந்தபோது லாபிர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மூடாமல் என்ன செய்வார்? போன வெள்ளி, ஜும்மா முடிந்து, மீன் நிறுத்து விற்கிற தன்னுடைய வாடித் தராசில் மகளை ஏற்றிப் பார்த்தவர் அவர்தானே. நாற்பத்தெட்டு. இரத்தம் கொடுக்க ஐம்பது கிலோ வேண்டும்.

அடுத்த இரத்ததான முகாமுக்குப் போகலாம், இன்னும் கொஞ்சம் பொறு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பஸ்மியா கேட்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டாள்.

மார்ச் மாதம் இதே மண்டபத்தில், சிநேகிதிகள் எல்லாரும் வரிசையாகக் கட்டிலில் படுத்திருக்க, அவளை மட்டும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நாற்பத்தைந்து தசம் எட்டு.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. தனக்கு ஐம்பது வேண்டும் என்று வாப்பாவிடம் சொன்னாள், பெருநாளுக்கு உடுப்புக் கேட்பதுபோல.

எதற்கென்று அவர் கேட்கவில்லை. அவள் பிறந்த அன்று அவளுடைய உம்மா பரீனாவுக்கு ஏறிய ஏழு பை இரத்தமும் யார் யாருடையதோ. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவரே அவர்தான்.

ஆனால் பஸ்மியா சாப்பிடுகிற பிள்ளையா? மீன் முதலாளியின் மகளுக்கு மீன் மணமே ஆகாது. பரீனா பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வர இரண்டரை ஆகும். உயர்தரச் சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவளுக்கு மத்தியானச் சாப்பாடு இரண்டு பிஸ்கட்டும் ஒரு பிளேன்டீயும். இந்த ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரிந்து நோட்டீசைக் கிழித்துத் தின்கிற மானுக்குக்கூட இவளைவிட வாய் பரவாயில்லை என்று வாடியில் வேலைசெய்யும் பக்கீர் பகிடி விடுவான்.

திருப்பி அனுப்பிய தாதி தங்கரத்தினம் மிஸ்தான் வழியும் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். சத்து மா டின் எதுவும் வாங்கவேண்டாம். வற்புறுத்தவும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தரம் கொடுங்கள், கிழமைக்கு ஒரு புதுச் சாப்பாடு பழக்குங்கள், தனியே இருந்து சாப்பிட மட்டும் விடாதீர்கள்.

அந்தக் கிழமை வெள்ளிதான் முதன்முதலாக வாடித் தராசில் அவளை ஏற்றிப் பார்த்தார். நாற்பத்துமூன்று தசம் ஆறு. ஐந்து நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கிவிட்டாளே என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

இருபது வருடமாக வாடியிலேயே சோற்றுப் பார்சலைப் பிரித்த மனிதர், மறுநாளிலிருந்து பன்னிரண்டரைக்கெல்லாம் வீட்டில் நின்றார்.

மீன் மணம் போகத் தேசிக்காயால் இரண்டு கையையும் தேய்த்துக் கழுவி, மகளுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். அவளுடைய சோற்றுக் கோப்பையைப் பார்க்கமாட்டார். நடுக்கடலில் மோட்டார் நின்றுபோனவன் கதை, சாம்பல்தீவுக்காரன் வலையில் கட்டில் கால் மாட்டிய கதை என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

முதலில் முட்டை. பிறகு கிண்ணியாத் தயிர், கச்சான் கடலை, மொறுமொறுவென்று பொரித்த நெத்தலி. ஜூன் மாதம் ஒரு நாள், பாரைமீன் துண்டொன்று அவருடைய கோப்பையிலிருந்து அவளுடைய கோப்பைக்குக் கேட்காமலே போனது. கண்டும் காணாதவர்போல அவர் கதையைத் தொடர்ந்தார்.

ஐம்பது தசம் மூன்று என்று தங்கரத்தினம் மிஸ் வாசித்தார்.

லாபிர் கண்ணைத் திறந்தார். சந்தோசப்படவேண்டிய மனிதர் சண்டைக்குப் போனார்.

"உங்கட தராசு கூட்டிக் காட்டுது மிஸ்."

மிஸ் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு தராசைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் ஐம்பது தசம் மூன்று.

அப்போதுதான், காலையில் வாடியைத் திறந்ததும் தான் செய்கிற முதல் வேலை அவருக்குக் கண்முன் வந்தது. வெறும் பிளாஸ்டிக் பெட்டியைத் தராசில் வைத்து ஒரு பொத்தானை அழுத்துவார். அதன்பிறகு பெட்டியின் எடையைத் தராசு தானே கழித்துவிட்டு மீனை மட்டும் காட்டும். பெட்டி இரண்டு தசம் இரண்டு கிலோ. பெட்டியை மீன் விலைக்கு விற்காத மனிதர் என்று துறைமுகப் பக்கம் முழுக்க அவருக்குப் பெயர்.

அந்தத் தராசில்தான், பெட்டி இல்லாமல், ஆறு மாதமாக மகளை ஏற்றி இறக்கியிருக்கிறார்.

பஸ்மியா கட்டிலில் படுத்து ரப்பர் பந்தை அமத்தினாள். குழாயில் சிவப்பு இறங்கத் தொடங்கியது. லாபிருக்கு நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல இருந்தது. என்னுடைய மகள் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம், அவர் கேட்காமலே சொன்னார்.

பிறகு குனிந்து, வெட்கத்தோடு, பெட்டிக்கழிவுக் கதையை அவளுடைய காதோடு சொன்னார்.

அவள் திடுக்கிடவில்லை. முதல் வெள்ளியே தனக்குத் தெரியும் என்றாள். தான் இறங்கியதும் வெறும் தராசு கழித்தல் இரண்டு தசம் இரண்டு என்று காட்டிக்கொண்டு நின்றதாம்.

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"சொல்லியிருந்தா, மத்தியானம் வீட்ட வந்திருப்பீங்களா வாப்பா?"

அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. பக்கீர். ஐம்பது தாண்டிவிட்டது என்று கேள்விப்பட்டதும் அவன் அந்தப் பக்கம் கூவினான். அப்படியென்றால் நாளையிலிருந்து முதலாளி மத்தியானமும் வாடியில்தானே என்று கேட்டான்.

லாபிர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டே கால்.

"இல்ல பக்கீர். நம்மட தராசுல இன்னும் நாப்பத்தெட்டுத்தான்."