பாலத்துக்கு இந்தப் பக்கம்

“அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. பார்க்க ஒண்ணுமே இல்ல, திருட்டு பயம் வேற!”

பாலத்து முனையில் நின்று சுற்றுலாக் கூட்டத்திடம் கைடு பெண் சொன்னது, என் தையல் கடை வரைக்கும் கேட்டது. 

அந்தக் கரை பழைய நகரம். கல் பாவிய தெரு, செதுக்கிய கதவு, தினமும் கழுவி விடுவார்கள். இந்தக் கரை நாங்கள். காரை பெயர்ந்த சுவர், மூடியில்லாத சாக்கடை. நாலு பேர் வந்தால் நாலு காசு பார்க்கலாமே என்று தெருவே சேர்ந்து சாக்கடைக்குப் பலகை போட்டு, சுவருக்கு வெள்ளையடித்திருந்தோம். நான் துணிப்பைகள் தைத்து வாசலில் தொங்கவிட்டிருந்தேன்.

அத்தனையிலும் மண்ணைப் போட்டுவிட்டாளே!

வேறு எவளாவது சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இவள் குடியிருப்பதே நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு மாடியில்தான். கதவைப் பூட்டாமல் வேலைக்குப் போகிறவளுக்குத் திருட்டு பயமாம்! எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பகல் முழுக்கத் தையல் கோணிக்கொண்டே போனது.

சாயங்காலம் மாடிப்படியில் மடக்கினேன். என் வீட்டுக்காரர் “விடேன்” என்று கண் காட்டினார். யார் விட்டது?

“ஏம்மா, எங்களைப் பார்த்தா திருடங்களாட்டமா தெரியுது?”

“ஐயோ, இல்லக்கா.”

“பின்னே? நேத்துகூட என் வீட்டுக் குழம்பைத்தானே வாங்கிட்டுப் போனே? நீ இருக்கிற தெருவையே இப்படிச் சொல்ல எப்படி மனசு வந்துச்சு?”

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அழகான தெருன்னு கூட்டிட்டு வர்றேன்னு வைங்க. ஹவுஸ் ஓனர் என்னக்கா பண்ணுவார்?”

“என்ன, வாடகையை ஏத்துவார்.”

“முதல்ல ஏத்துவார். அப்புறம் எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிட்டு லாட்ஜ் ஆக்கிடுவார். உங்க கடையும் போயிடும்.”

எனக்குத் திக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

“என்னமோ நேர்ல பார்த்த மாதிரி பேசறே!”

“அந்தக் கரையில ஒரு வீட்டுக்கு டிக்கெட் போட்டுக் கூட்டிட்டுப் போறேனே... ‘அந்தக் காலத்து அடுக்களை’ன்னு கயிறு கட்டி வெச்சிருப்பாங்க. அது நாங்க வாடகைக்குக் குடியிருந்தப்போ எங்கம்மா சமைச்ச இடம்க்கா. அந்தக் கயித்தைத் தாண்ட இப்ப எனக்கே அனுமதி இல்ல.”